காக்காக் காலும் சாய்சதுரமும்

எனக்கும் என் மனைவிக்கும் இடையில் சில்லறை வாக்குவாதம் வராத நாளில்லை. ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டது, கறிக்கு உப்புக் கூடிப்போனது என்று ஏதாவது வரும். பிளேன்டீ ஆறுவதற்குள் அது முடிந்தும்விடும். ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருந்த சண்டை என்றால் ஒரேயொரு தடவைதான் நடந்தது. அதைத் தொடக்கிவைத்தது ஒரு சாய்சதுரம்.

நான் மருதமுனைக்காரன். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தேன். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீட்டை அவள் பெயரில் எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவார். நானும் ஒரு சூட்கேசும் ஒரு லெப்டொப்புமாக அப்படித்தான் வந்து சேர்ந்தேன். மனைவியின் உம்மா, என் மாமி, தான் வாழ்ந்த முன்வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும் போட்டுக்கொண்டு மகனோடு இருந்தார். அந்த மகன், என் மச்சான், மனைவிக்கு இளையவன். மாமா நான் வருவதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்.

முன்னறை யன்னலோரம்தான் என் அலுவலகம். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே தரவுத்தளங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மாமிக்கு இந்த ஏற்பாட்டை ஊருக்கு விளங்கப்படுத்துவது பெரும் பாடு. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "வேல இரிக்கு, ஆனா போறல்ல" என்று சொல்லி வைத்திருந்தார்.

என் மனைவி பெண்கள் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறாள். அந்தப் பாடத்திலும் தரவுத்தளம் வருகிறது. ஆக, ஒரே வீட்டுக்குள் ஒருவர் அதைக் கட்டுகிறவர், மற்றவர் அதற்குப் பரீட்சையில் புள்ளி போடுகிறவர்.

எங்கள் தெருக்களுக்கு ஒரு நலன்புரிச் சங்கம் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு மாடு அறுத்துக் குர்பான் கொடுப்பவர்கள் இறைச்சியில் ஒரு பகுதியைச் சங்கத்திடம் ஒப்படைப்பார்கள். சங்கம் அதைப் பங்கு போட்டு வீடு வீடாக அனுப்பும். அதன் செயலாளர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தெருவே அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடும். எங்கள் ஊர்களில் மூத்த சகோதரனுக்குக் காக்கா என்று பெயர். பறவைக்கும் அதே பெயர்தான் என்பதை நாங்கள் யாரும் பொருட்படுத்துவதில்லை.

முந்திய பெருநாளில் பங்கு குழம்பிப்போயிருந்தது. சில வீடுகளுக்கு இறைச்சி இரண்டு தடவை போனது; சில வீடுகளுக்குப் போகவேயில்லை. கிடைக்காத வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் காக்காவின் வீட்டு வாசல் படலையடிக்கு வந்து, சலாம் சொல்லி, இறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், அவருடைய உடல் சுகத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்களாம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த பெருநாள் நெருங்கும்போது அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க கொழும்பானுக்கெல்லாம் செஞ்சு குடுக்கீங்க. நம்மட தெருவுக்கும் ஒண்டு செஞ்சு தாங்க. பட்டன அமத்தினா எந்த வீட்டுக்கு எத்தின பங்கெண்டு வந்துரணும்."

"செய்யலாம் காக்கா. முதல்ல ஒரு படம் கீறணும்."

"படமா? நான் சொஃப்ட்வெயார் கேக்கன், நீங்க படம் கீறப் போறீங்களா?"

"என்னென்ன இரிக்கு, ஒண்டுக்கொண்டு என்ன தொடர்பு எண்டு காட்டுற படம். ஆள், வீடு, குடும்பம், பங்கு. ஒவ்வொண்டுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல கோடு. ஒரு வீட்டுல எத்தின ஆள் இரிக்கலாம், ஒரு ஆளுக்கு எத்தின வீடு இரிக்கலாம் எண்டு அந்தக் கோடு சொல்லும். அது பிழச்சா மறுகா எல்லாம் பிழைக்கும்."

காக்கா கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஆளுக்கு எத்தின வீடெண்டு கீறி வச்சா வரிக்காரன் வரமாட்டானா?"

வரமாட்டான் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் எழும்பிப் போனார்.

படத்தை எதில் கீறுவது என்பதில் தொடங்கியது சிக்கல். வெளியில் இருப்பவர்கள் இதை ஒரு கேள்வியாகவே நினைக்கமாட்டார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கோ இது தச்சனின் உளியைப் போல. எந்தக் கருவி நல்லது என்று, மார்க்கச் சட்டத்தில் போல, ஆளுக்கொரு மத்ஹபில் நிற்பார்கள். அலுவலகத்தில் நான் பாவிக்கும் கருவி பெரியது, பாரமானது, திறப்பதற்கே நேரம் எடுக்கும். அதன் அனுமதி அலுவலக வேலைக்கு மட்டும்தான். தெரு இறைச்சிக்கு அதைப் பாவிப்பது நம்பி ஒப்படைத்த அமானிதத்தில் கை வைப்பதாகப் பட்டது. ஆகவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை எடுத்தேன். சில பெட்டிகள் கீறும்வரை மிக அன்பாக இருந்தது. இன்னும் ஒரு பெட்டி போட்டதும், இதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தாதாரராகச் சேர் என்று திரையை மறைத்துக்கொண்டு நின்றது.

அடுத்தது, எழுதினால் தானே படமாகும் கருவி. 'வீட்டில் ஆட்கள் பலர்' என்பதை அதற்குரிய சுருக்கமான முறையில் எழுதிக் கொடுத்தால் பெட்டியையும் கோட்டையும் அதுவே போட்டுத் தரும். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் சங்கத்தார் வாசிக்க வேண்டுமே என்று தமிழில் எழுதியதும் அது திணறியது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கழன்று போயின. 'குடும்பம்' பெட்டிக்குள் அடங்காமல் வெளியே வழிந்தது. 'வீடு' சுழியை இழந்து 'வடு' என்று நின்றது. பின்னால் நின்று பார்த்த மனைவி சிரித்த சிரிப்பு பின்வீட்டு மாமி வரைக்கும் கேட்டிருக்கும்.

"சதுரக் கொப்பித் தாளும் பென்சிலும் காணும்" என்றாள். "என்ட புள்ளையள் அதுலதான் கீறுறாக. கரண்ட் போனாலும் போகாது."

"மாத்த வேண்டி வந்தா?"

"அழிரப்பர் எண்டு ஒண்டு இரிக்கி."

காக்கா ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டுப் போகிற வழியில் படலையடியில் சைக்கிளை நிறுத்துவார். "படம் முடிஞ்சா தம்பி?" என்பார். "இன்னும் எதுல கீறுற எண்டு பாக்கன் காக்கா" என்பேன். அவர் சைக்கிளை மிதித்துப் போவார். தபால் கந்தோரில் முத்திரை ஒட்டுவதற்கு எந்தப் பசை என்று ஒருவன் நாட்கணக்காக யோசிப்பதைப் பார்த்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது அவருடைய முகம். கடைசியில் கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் ஒரு எளிய வரைகருவியைக் கண்டுபிடித்தேன். அழகில்லை. ஆனால் தமிழ் உடையவில்லை, சிக்னல் தேவையில்லை, சந்தாவும் கேட்கவில்லை. சரி என்று அதில் கீறத் தொடங்கினேன்.

அங்கேதான் சாய்சதுரம் வந்தது.

இந்தப் படத்தைக் கீறுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. பாடசாலையில் படிப்பிக்கும் முறையில் பொருள்களுக்குப் பெட்டி, உறவுகளுக்குச் சாய்சதுரம். கலியாணம் ஓர் உறவு. ஆகவே ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு சாய்சதுரம் கீறி அதற்குள் 'கலியாணம்' என்று எழுதவேண்டும். நான் வேலையில் கீறும் முறையில் சாய்சதுரமே கிடையாது. வெறும் கோடு. கோட்டின் நுனியில் மூன்று விரல் விரித்தாற்போல் ஒரு கவை இருந்தால் அந்தப் பக்கம் 'பல' என்று அர்த்தம். அதற்கு எங்கள் தொழிலில் காகத்தின் கால் என்று பெயர். நான் வீட்டில் அதைக் காக்காக் கால் என்று சொல்லப்போக, ஒரு நாள் அதைக் காதில் வாங்கிய செயலாளர் காக்கா, "ஆரிட காலக் கதைக்கீங்க?" என்று குனிந்து தன்னுடைய பாதத்தைப் பார்த்துக்கொண்டார்.

மனைவி படத்தைப் பார்த்ததும் கேட்டாள். "டயமண்ட் எங்க?"

"இதுல இல்ல. கோடுதான்."

"உறவெண்டா டயமண்ட். நான் அப்புடித்தான் படிப்பிக்கன். என்ட புள்ள ஒருத்தி இப்புடிக் கீறிக்கொண்டு வந்தா புள்ளி வெட்டுவன்."

"ஒலகத்துல வேல செய்ற ஆரும் இப்ப டயமண்ட் கீறுறல்ல" என்றேன். அந்த வசனத்தை அவ்விடத்தில் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். கணவனிலிருந்து மனைவிக்குப் போன கோட்டின் நுனியில் நான் காக்காக் கால் போட்டு, பக்கத்தில் பூச்சியத்திலிருந்து நாலு வரை என்று எழுதியிருந்தேன். அது தொழில் பழக்கம். எது நடக்கக்கூடுமோ அதற்கெல்லாம் படத்தில் இடம் வைத்துவிட வேண்டும். பின்னால் சுவரை உடைத்து யன்னல் போட முடியாது.

"இதென்ன நாலு?"

"மார்க்கத்துல எடமிரிக்கே, அதுக்காக..."

"இந்தத் தெருவுல ஆருக்கு நாலு இரிக்கி?"

"ஆருக்குமில்ல. தரவுத்தளமெண்டா இனி வாறதுக்கும் எடம் வச்சித்தானே கீறணும்."

"இனி வாறதுக்கு?"

நான் லெப்டொப்பை மெல்ல மூடினேன். ஆனால் பிந்திவிட்டது.

அன்று மாலை பிளேன்டீ வந்தது, சீனி வரவில்லை. எனக்கும் வீம்பு. வெறுந்தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்துக் காட்டினேன். அடுத்த நாட்களில் எனக்கு வரவேண்டிய செய்திகளெல்லாம் மாமி வழியாக வந்தன. "மருமகன், காஸ் முடிஞ்சாம்." "மருமகன், மோட்டார் சைக்கிள் சாவி மேசைல இரிக்காம்." மாமி எங்களுக்கு நடுவில் நடந்து நடந்து களைத்து ஒரு நாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னதான் நடந்த? ஏன் கதைக்கல்ல ரெண்டு பேரும்?" என்று கேட்டார். ஒரு சாய்சதுரத்தையும் ஒரு நாலையும் அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "வேல விசயம் மாமி" என்றேன். வேலைக்குப் போகாத மருமகனுக்கு வேலை விசயத்தில் என்ன சண்டை என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

இதற்குள் மச்சானின் கலியாணம் வந்தது. பெண் நிந்தவூர். கலியாண வீட்டு ஓட்டத்தில் படம், சண்டை எல்லாம் பின்னுக்குப் போயின. இருவரும் வந்தவர்கள் முன்னால் சிரித்துச் சிரித்துக் கதைத்தோம், ஒருவரோடொருவர் மட்டும் இல்லை. மாப்பிள்ளையை நிந்தவூரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது மாமி வான் வண்டிக்குள் அழுதார். ஊர் பக்கத்தில்தான், நினைத்த நேரம் போய்வரலாம். ஆனாலும் அந்தப் பின்வீட்டில் அவர் இனித் தனியாள்.

கலியாண அலுவல்கள் ஓய்ந்ததும் நான் மறுபடியும் வேலையைத் தொடங்கினேன். படத்தின்படி ஒரு சின்னத் தரவுத்தளம் கட்டி, பரீட்சித்துப் பார்ப்பதற்கு எங்கள் வளவின் ஆட்களையே உள்ளே போட்டிருந்தேன். அப்போது என் படத்தில் 'குடும்பம்' என்ற பெட்டிதான் நடுநாயகம். குடும்பத்துக்கு ஒரு தலைவர், தலைவர் ஆண், முகவரி குடும்பத்தோடு ஒட்டியிருக்கும். கொழும்பில் எல்லாப் படிவங்களும் அப்படித்தான் இருக்கும், நானும் யோசிக்காமல் அப்படியே கீறிவிட்டேன். மாமா இல்லாததால் பின்வீட்டுக் குடும்பத்துக்குத் தலைவராக மச்சானைப் போட்டிருந்தேன்.

மச்சானுக்குக் கலியாணம் முடிந்தது என்று பதிந்து, அவனுடைய முகவரியை நிந்தவூர் என்று மாற்றினேன். சரியாக வேலை செய்தது. அந்நேரம் பார்த்து மாமி கலியாணத்துக்குச் சுட்டதில் மிஞ்சிய பலகாரத்தை ஒரு பீங்கானில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைத்த கையோடு திரையை எட்டிப் பார்த்தார். பீங்கானை வைத்த கை அப்படியே நின்றது.

"மருமகன், இதென்ன என்ட பேருக்கு நேர நிந்தவூரெண்டு கிடக்கு?"

பார்த்தேன். உண்மைதான். தலைவர் போன இடத்துக்குக் குடும்பமும் போய்விட்டது. கலியாணம் முடித்த மகனோடு உம்மாவும் சம்பந்திப் பகுதியின் வீட்டுக்குக் குடிபோயிருந்தார்.

"என்ன ஆரு நிந்தவூருக்கு அனுப்பின?" மாமியின் குரல் உயர்ந்தது. "நான் இந்த வளவ விட்டு எங்கயும் போகமாட்டன். மகன அனுப்பினது காணாதா? மகள்! இஞ்ச வா! உன்ட மாப்புள என்ன வீட்ட உட்டு எழுப்புறாரு!"

மனைவி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் வந்துவிட்டது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. நான் அவரைச் சாய்ந்தமருதுக்குத் திரும்பக் கொண்டுவந்து காட்டும்வரை அந்தக் கதிரையை விட்டு அவர் எழும்பவேயில்லை.

அன்று மாலை பிளேன்டீயோடு சீனியும் வந்தது. அவளும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆம்புளையில வீட்டக் கட்டி வச்சா இப்புடித்தான்" என்றாள். "நம்மட ஊருல ஆம்புள போய்க்கொண்டிரிக்கிற ஆள். நிண்ட எடத்துல நிக்கிறது பொம்புள. வீட்ட பொம்புளையோட கட்டுங்க."

எனக்கு வெட்கமாகப் போனது. நானே சூட்கேசோடு வந்தவன். என் வாப்பாவும் அப்படித்தான் வந்தவர், மாமாவும் அப்படித்தான். அப்படியிருந்தும் கீறும்போது கை தானாகக் கொழும்புப் படத்தைத்தான் கீறியிருக்கிறது. இருவருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். அவள் சதுரத் தாளில் பென்சிலால் கீறுவாள், சாய்சதுரங்களோடு. ஆட்களையும் உறவுகளையும் பற்றிக் கதைப்பதற்கு அது நல்ல வசதியாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டேன். அது ஒத்துவந்ததும் நான் அதைக் கணினியில் காக்காக் காலோடு போடுவேன். கட்டுவதற்கு அதுதான் வசதி என்று அவளும் ஒப்புக்கொண்டாள். நாலைப் பற்றி மட்டும் ஒரு தீர்வு தேவைப்பட்டது. எத்தனை என்பதை எழுதாமல், கலியாணத்தைத் தனிப் பெட்டியாக்கி, தொடங்கிய நாள் முடிந்த நாள் என்று வைத்தேன். "முடிஞ்ச நாளா?" என்று புருவத்தை உயர்த்தினாள். மௌத்தானவர்களுக்காக என்று சொல்லித் தப்பினேன்.

படம் முடிந்தது. சங்கத்துக்குக் காட்டவேண்டும். நிர்வாகக் குழுவில் நாலைந்து பெரியவர்கள். லெப்டொப் திரையில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "பெரிசா அடிச்சிக் கொண்டுவாங்க தம்பி, தூரத்துல இரிந்து பாக்கணும்" என்றார் காக்கா. கல்முனையில் பெனர் அடிக்கும் கடையொன்றுக்குப் பென்ரைவைக் கொண்டுபோனேன். கடைக்காரர் படத்தைத் திறந்து தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தார்.

"கலியாணமா, கடத் திறப்பா?"

"ரெண்டுமில்ல. சங்கத்துக்கு."

"வெறுமையாக் கிடக்கே. பாக்க ஒரு இதுவா இரிக்காதே. நான் கொஞ்சம் வடிவாக்கித் தாறன், நீங்க பின்னேரம் வாங்க."

வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னேன். பின்னேரம் போய் விரித்துப் பார்த்தபோது, என் படத்தைச் சுற்றி ரோசாப்பூ வளையம் போட்டிருந்தது. பின்னணி பொன்னிறம். மேலே வளைவாக 'நல்வரவு'. பெட்டிகளெல்லாம் ஒரு நிறமாயிருப்பது சரியில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தார். கோடுகளைத் தொட்டாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். காக்காக் கால்கள் அத்தனையும் இருந்தன, தங்க நிறத்தில்.

கூட்டம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. முன்னறைச் சுவரில் பெனரைக் கட்டினோம். வந்தவர்கள் முதலில், நல்வரவு யாருக்கு என்று கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக எழும்பிக் கிட்டப் போய்த் தங்களைத் தேடத் தொடங்கினார்கள். குழுத் தலைவர் அரிசி ஆலை வைத்திருப்பவர்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோடு கோடாக விரலை ஓட்டினார்.

"தம்பி, இதுல வீட்டுல இரிந்து போற கோடெல்லாம் பொம்புளைக்கிட்டத்தான் போகுது."

"ஓம் ஹாஜியார்."

"நாங்க எங்க இரிக்கோம்?"

நான் காட்டினேன். ஆண்கள் கலியாணம் என்ற பெட்டிக்கு அந்தப் பக்கம், ரோசாப்பூ வளையத்துக்குக் கிட்ட இருந்தார்கள்.

"ஓரத்துலயா?"

ஹாஜியார் பெனரை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரே சிரித்தார். "சரியாத்தான் கீறி இரிக்கீங்க. என்ட வீட்டுலயும் அப்புடித்தான்." மற்றவர்களும் சிரித்தார்கள். காக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். அந்நேரம் உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"மருமகன், என்ன எங்க கீறி இரிக்கீங்க?"

"வீட்டுக்குள்ளதான் மாமி. மகளோட."

"அது மகள்ட வீடு. நான் பின்னால வேறயா ஆக்கித் தின்னுறன். போன முறையும் ஒரு வளவுக்கு ஒரு பங்கெண்டு முன்னுக்கு மட்டும் தந்துட்டுப் போனாக. எனக்கு ஆரு தந்த?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா தன்னுடைய கால்களைப் பார்த்தார். சுகம் விசாரிக்க மட்டும் வந்து போனவர்களில் என் மாமியும் ஒருவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. முன்வீட்டுக்கு வந்த இறைச்சியில் அவருக்கும் கொடுத்தோம்தான். ஆனால் மகள் கொடுத்துச் சாப்பிடுவது வேறு, தன் பெயருக்கு ஒன்று வருவது வேறு என்று அவர் ஒரு வருடமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் ஒவ்வொருவருக்கும் தங்கள் வளவு நினைவுக்கு வந்துவிட்டது. ஒருவரின் வளவில் மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு, ஆனால் எல்லோருக்கும் ஒரே குசினி. இன்னொருவரின் வளவில் ஒரே வீடு, உள்ளே சகோதரிகள் இருவர் கோபித்துக்கொண்டு வேறு வேறாகச் சமைக்கிறார்கள். வீட்டை எண்ணினாலும் பிழை, குடும்பத்தை எண்ணினாலும் பிழை. கடைசியில் மனைவிதான் மாணவிகளிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அப்ப இறைச்சி கடைசியா எங்க போகுது?"

"அடுப்புக்கு" என்றார்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில்.

"அப்ப அடுப்புக்கு ஒரு பெட்டி போடுவம்."

அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. காஸ் அடுப்பும் விறகடுப்பும் இரண்டும் இருக்கும் வீட்டுக்கு இரண்டு பங்கா என்று ஒருவர் கேட்டார். ரைஸ் குக்கர் அடுப்பில் சேருமா என்று இன்னொருவர். தன் மகள் கோப்பி போடுவதற்கு அறைக்குள் ஒரு கரண்ட் கேத்தல் வைத்திருக்கிறாள், அதையும் எழுதுங்கள் என்று ஹாஜியார் பகிடி விட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியபோது ஒரு முடிவுக்கு வந்தார்கள்: யார் தனியாகச் சோறு ஆக்குகிறார்களோ அது ஓர் அடுப்பு. நான் பெரிய மார்க்கர் பேனாவை எடுத்து, பொன்னிறப் பெனரின் மேலேயே வீட்டுக்கும் பங்குக்கும் நடுவில் ஒரு பெட்டி கீறி, வீட்டிலிருந்து அடுப்புக்கு ஒரு காக்காக் கால் போட்டேன். இவ்வளவு கருவி தேடி அலைந்த பிறகு, படத்தின் முக்கியமான பெட்டி மார்க்கரால் சுவரில் கீறப்பட்டது. மனைவி வந்து மார்க்கரை வாங்கி, அந்தக் கோட்டின் நடுவில் சின்னதாக ஒரு சாய்சதுரம் போட்டுவிட்டுப் போனாள். நான் அதை அழிக்கவில்லை.

பெருநாளன்று நான் லெப்டொப்போடு சங்கத்துக் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பங்குகள் பையில் போடப்பட்டு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏறின. காக்கா ஒவ்வொரு தெருவுக்கும் என்னிடம் கேட்டுக் கேட்டு அனுப்பினார். ஒரு இடத்தில் மட்டும் சறுக்கியது. கோபித்துக்கொண்டு வேறாகச் சமைத்த அந்தச் சகோதரிகள் இருவரும் பெருநாளுக்கு முதல் நாள் ராசியாகி ஒன்றாகச் சமைக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு பங்கு போய்விட்டது. திருப்பி வாங்குவதா என்று காக்கா கேட்டார். ராசியானதற்குச் சங்கத்தின் அன்பளிப்பாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் வளவுக்கு லாண்ட்மாஸ்டர் வந்தபோது மாமி படலையடியில் காத்துக்கொண்டு நின்றாராம். பையில் எழுதியிருந்த தன் பெயரை வாசித்துவிட்டுத்தான் வாங்கினாராம். மத்தியானம் அவர் ஆக்கிய கறியில் பெரிய கோப்பை நிறைய முன்வீட்டுக்கு வந்தது. எங்கள் கறியில் அதே அளவு பின்வீட்டுக்குப் போனது. இதற்குப் படத்தில் கோடு இல்லை, போடவும் போவதில்லை.

பின்னேரம் நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குப் போனோம். கல்முனைத் தெருவெல்லாம் புது உடுப்பும் அத்தர் வாசமுமாக இருந்தது. என் உம்மா வாழ்ந்த வீடு இப்போது தங்கச்சியின் வீடு. தங்கச்சி மாப்பிள்ளை ஒலுவிலில் இருந்து வந்தவர், சாதுவான மனிதர். என்னைக் கண்டதும் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, துடைத்தும் விட்டார்.

"இரிங்க மச்சான். உங்கட வீடுதானே."

உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது. "ஆரிட வீடு?"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் கதிரைகளைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.